நன்னிலம் பஸ்ஸில் நின்றபடி

கரும்பலகையின் மேல்மூலையில் தேதி எழுதக் கையைத் தூக்கினேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அன்று தேதியைப் பலகையின் நடுவில் எழுதிச் சமாளித்தேன். அடுத்த சில வாரங்களில் தலை வாரவும் முடியாமல் போனது. கணவர் பின்னல் போட்டுவிட்டார். அது பின்னல் இல்லை, வைக்கோல் பிரி.

தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் கையை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தார். ஃப்ரோசன் ஷோல்டர் (தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து, அசைவு குறைந்துபோவது) என்றார். என்னைப் போலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம்.

"மாத்திரை வலிக்குத்தாம்மா. பயிற்சிதான் வைத்தியம். தினமும் மூணு வேளை சுவத்துல விரலால மெதுவா ஏறணும். அப்பவும் வரலைன்னா, மயக்கம் குடுத்துதான் கையை விடுவிக்கணும்."

மயக்க ஊசி வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் மூன்று வேளைக்கு நான் எங்கே போவேன்? விடிந்தால் அடுப்படி, கும்பகோணத்திலிருந்து நன்னிலம் பஸ், பள்ளிக்கூடம், மறுபடியும் பஸ், மறுபடியும் அடுப்படி. எனக்கென்று இருந்தது அந்த பஸ் நேரம் மட்டுந்தான். அதையும் தூங்கியே கழித்துக்கொண்டிருந்தேன்.

தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் பத்மா அக்கா, வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகப் போட்டு எங்கள் இருவருக்கும் இடம் பிடித்துவிடுவார். எத்தனையோ வருஷப் பழக்கம். டாக்டரைப் பார்த்துவந்த மறுநாள் நான் உட்காரவில்லை. இடது கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நிற்கும் கம்பத்தில் வலது கை விரல்களை ஏற்றினேன். காரணம் சொல்லவில்லை. பஸ்ஸே பாவம் பார்க்குமே என்ற வீம்பு.

நாலைந்து நாள் பொறுத்த அக்கா, குடவாசல் தாண்டும்போது வெடித்துவிட்டார்.

"என் பக்கத்துல உக்காந்தா என்ன ஒட்டிக்குமா? நான் என்ன பண்ணேன் உனக்கு?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி? வீட்ல போய் அழுதேன், தெரியுமா?"

அதன்பிறகு அவர்தான் எனக்கு வாத்தியார். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டுவார். "ம், ஏத்து. இன்னும் ஒரு விரக்கடை." யாராவது எழுந்து எனக்கு இடம் கொடுத்தால், "அவ நிக்கட்டும், நீங்க உக்காருங்க" என்பார். ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட, வலியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டிரைவரைத் திட்டித் தீர்த்தார்.

குறுவை நடவைப் பார்த்தபடி ஆரம்பித்தேன். கை தோள் உயரம் வந்தபோது வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. பிறகு தாளடி பச்சை கட்டிப் பழுத்தது. மேல்கம்பியை விரல் தொட்ட அன்று வெளியே உளுந்து பூத்திருந்தது. அக்கா கை தட்டினார். விஷயம் தெரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள். மயக்க ஊசிக்கு அவசியமில்லாமல் போயிற்று.

கை முழுதாக வரவில்லை. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. அந்தக் கையைக் கோபித்துக்கொள்வதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் தோள் இறுகியிருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிடைக்கிற நேரத்தில் செய்யுங்கள். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே மாறுதல் கிடைத்துவிட்டது. நேரம் நிறைய இருக்கிறது. போன மாதம் இடது தோள் பிடிக்க ஆரம்பித்தது. மறுபக்கமும் வரலாம் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். வீட்டுச் சுவரில் விரலை ஏற்றுகிறேன், மனம் ஒட்டவில்லை. அந்த வண்டியின் இரைச்சலுக்கும் ஜன்னல் காற்றுக்கும் ஏங்குகிறேன். வலித்த நாட்களுக்கு ஒருத்தி ஏங்குவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நேற்று போன் செய்தேன். "அக்கா, காலாண்டு லீவுல உங்க வண்டியில நன்னிலம் வரைக்கும் சும்மா வந்துட்டுப் போகட்டுமா? இப்ப இடது கை."

"வாடி," என்றார் அக்கா. "எடம் பிடிக்க மாட்டேன்."