காற்று சேராதவன் ராஜபாளையம் போனது

எனக்குக் காற்றென்றால் பயம். நாற்பத்தைந்து வயதில், மதுரையில் ஒரு அலுவலகத்தில் நான்கு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் ராஜபாளையம் போகத் தேர்ந்தெடுத்த மாதம் ஆடி.

1991. சித்தி படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் ஏழு வயதில் அம்மா இறந்தபோது கூட இருந்தவர்களில் மிச்சம் அவர் ஒருவர்தான். அம்மா எதனால் போனாள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. அம்மாவைத் தூக்கிப்போன மறுநாள் பெரியவர்கள் அடுக்களையில் கிசுகிசுத்ததுதான் எனக்குத் தெரியும்: ‘காத்து அடிச்சிருச்சு.’ சித்தியும் போய்விட்டால் கேட்க ஆளில்லை.

காலை ஏழு மணிக்கு மதுரையில் பஸ். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்கே மலை தெரிந்தது, காற்றும் ஏறிக்கொண்டது. மப்ளரை எடுத்துக் காதோடு கட்டினேன். பின்சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“காது வலியா சார்?”

“இல்லம்மா. எனக்குக் காத்து சேராது.”

அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எம்புட்டு நாளா இருக்கு? கோடாங்கிகிட்ட காட்டுனீகளா?”

“சின்ன வயசுலேருந்தே இருக்கும்மா.”

“அம்புட்டு நாளாவா! அப்ப எறங்காது சார். பழகியிருக்கும்.”

இந்தப் பக்கத்தில் காற்று இரண்டு வகை. ஒன்று மரத்தை ஆட்டும். மற்றது ஆளை ஆட்டும்; செத்தவர்களின் ஆவி என்பார்கள், கோடாங்கி உடுக்கடித்து விரட்டுவார். ஏழு வயதில் எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வெளியே ஆடிக்காற்று தகரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது; உள்ளே அந்தப் பேச்சு. இரண்டையும் கூட்டி நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பிற்பாடு புத்தகம் புத்தகமாகப் படித்தேன். கணக்கு மாறவில்லை.

பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் கண் நிறைய மண். அரைக்கிலோ பால்கோவா, இருபது ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பதினோரு கிலோமீட்டர் ராஜபாளையம்.

சித்தி கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தார். “வாய்யா. இந்தக் காத்துலயா வந்தே?”

அம்மா எதனால் போனாள் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டுவிட்டேன்.

“டைபாய்டுய்யா. மூணு வாரக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையிலயே கைமீறிப் போச்சுன்னாக.”

“காத்து அடிச்சிருச்சுன்னு சொன்னீங்களே சித்தி?”

“அது உன்னையச் சொன்னதுய்யா. அக்காவ எடுத்துட்டுப் போன பொறவு நீ பேசவும் இல்ல, ஒரு வாய் திங்கவும் இல்ல. தெருவையே பாத்து முழிச்சுக்கிட்டு இருந்தே. புள்ளையக் காத்து அடிச்சிருச்சுன்னு நாந்தான் சொன்னேன். மந்திரிச்சுக் கயிறு கட்டுன பொறவுதான் அழுதே.”

கயிறு எனக்கு நினைவில்லை. அழுததும் நினைவில்லை. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் தடதடத்துக்கொண்டிருந்தது.

மாலை நான்கு மணிக்கு பஸ் நிலையத்தில் அதே காற்று. இத்தனை வருஷமாகக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவந்தேன். அது பாட்டுக்குக் குப்பையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்காகப் பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். திட்டுவதற்கு ஒரு ஆள் குறைந்துபோனான், அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“டைபாய்டு தண்ணியிலேருந்துல்ல வரும்? அப்ப இனிமே குளிக்க மாட்டீகளாக்கும்?”