உடைந்த கிளைடரின் எண்

ஹெட்விக் ஸ்டும்ஃப் கடைப் பலகை எழுதுகிறவள். ரோன் மலைப்பக்கத்தில் எங்கள் ஹைன்ரோட் ஊரில் கசாப்புக்கடை, பீர்க்கடை, தீயணைப்பு வண்டி எல்லாவற்றிலும் அவள் எழுத்துதான். மலைச்சரிவில் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம், விடும் கழகத்துக்கும் அவளே எழுதினாள். ஆரம்பத்தில் ஜெர்மனிக்கு ஒரு D போட்டு, பக்கத்தில் கிளைடருக்குச் சூட்டிய பெயரை எழுதினால் போதும். வானம்பாடி, பருந்து என்று இருந்தன. ஒருவர் தன் மாமியார் பெயரையே வைத்திருந்தார்.

பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. பெயரை அழித்துவிட்டு எண் போட வேண்டும். D-க்குப் பின் வட்டாரத்தின் எண், அதற்கும் பின் அந்த வட்டாரத்தில் அந்தக் கிளைடரின் வரிசை எண். எங்கள் வட்டாரம் பதினொன்று. பறக்கத் தகுதியானது என்ற சான்றும் அந்த எண்ணின் பேரில்தான் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருட வசந்தத்தில் புயலடித்துக் கொட்டகைக் கூரை இடிந்து, சான்று வாங்கியிருந்த D-11-207 மேல் விழுந்தது. அது சுள்ளியாகிவிட்டது. மிஞ்சியது D-11-163. அதே அச்சில் செய்ததுதான், ஆனால் இறக்கையைத் தாங்கும் மரச்சட்டம் விரிசல் விட்டு, ஒட்டிவைத்திருந்தார்கள். சோதனை அதிகாரி இன்னும் பார்க்கவில்லை. போட்டியோ ஞாயிற்றுக்கிழமை.

கழகத் தலைவர் ரோரிக் ஹெட்விக்கின் பட்டறைக்கு வந்தார்.

"நூத்தி அறுபத்தி மூணை அழிச்சிட்டு இருநூத்தி ஏழுன்னு எழுதிடு."

"அது நொறுங்கிப் போன கிளைடரோட நம்பராச்சே?"

"நொறுங்கினதுக்கு இனி நம்பர் எதுக்கு? நொறுங்கினது நூத்தி அறுபத்தி மூணுன்னு சொல்லிக்கறேன். ரெண்டும் ஒரே அச்சு. நானே ஒட்டினேன், இரும்பு மாதிரி இருக்கு."

"சோதனைக்காரர் பாக்கலையே."

"நீ பெயின்ட் அடி. ஆகாசத்த நான் பாத்துக்கறேன்."

எழுதினாள். அதோடு விடவில்லை. புதுப் பெயின்ட் பளிச்சென்று காட்டிக்கொடுக்குமே என்று துணியில் சாம்பல் தொட்டு எழுத்தை மங்கலாக்கினாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

ஞாயிறன்று அதில் ஏறியவன் ரொட்டிக்கடை கெரோல்ட் அம்ரைன். ரப்பர் கயிறு அவனைச் சரிவிலிருந்து எறிந்தது, காற்று தூக்கியது, நாங்கள் தொப்பியை ஆட்டிக் கத்தினோம். அப்போது இறக்கை மடங்கியது. கிளைடர் ஃபிர் மரங்களுக்குள் விழுந்தது. உயிர் பிழைத்தான், வலது கால் அதன் பிறகு மடங்கவே இல்லை.

விசாரித்தவர்கள் எண்ணைப் பார்த்தார்கள். சான்று சரியாக இருந்தது. ஆகவே ஓட்டியவன் இயக்குபிடியை வெடுக்கென்று இழுத்ததால்தான் இறக்கை மடங்கியது என்று முடித்தார்கள். ஹெட்விக் பிளம்ஸ் கேக்கோடு மருத்துவமனைக்குப் போனாள்.

"என் தப்புதாங்க. அவசரப்பட்டு இழுத்துட்டேன்," என்றான் கெரோல்ட்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினாள்.

போர் வந்தது. ரோரிக் கிழக்கு முனையிலிருந்து திரும்பவில்லை. ஜெர்மனி தோற்ற பிறகு பறப்பதற்கே தடை. ஹெட்விக் ரொட்டி வாங்கப் பக்கத்து ஊருக்கு நடந்தாள். கெரோல்ட் கடை ரொட்டி வயிற்றுக்குச் சேரவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

தடை நீங்கிச் சில வருடங்களில் கழகம் ஒரு புதுக் கிளைடர் வாங்கியது. இப்போது வட்டார எண் கிடையாது. D, பின்னால் நாலு இலக்கம், அவ்வளவுதான். ஹெட்விக்கைக் கூப்பிட்டார்கள். D-யை எழுதினாள். அடுத்த இலக்கத்துக்குக் கை நகரவில்லை. தூரிகையை டர்பன்டைனில் போட்டுவிட்டு, ஏப்ரனோடு ரொட்டிக்கடைக்கு நடந்தாள்.

கெரோல்ட் மாவு பிசைந்துகொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சாம்பல் உட்பட.

அவன் கை நின்றது. "நான் இழுக்கல?"

"நீ இழுத்தியோ இல்லையோ, அந்தச் சட்டம் தாங்கியிருக்காது."

"இத்தன வருஷமா இந்தக் கையத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். எங்கப்பா சாகுற வரைக்கும் சொன்னாரு, 'அவசரக்குடுக்கை'ன்னு. நீங்க எதிர்வீட்லதான இருந்தீங்க?"

"ஆமா."

"அழாதீங்க. நீங்க அழுதா நான் சமாதானம் சொல்லணும். என்னால முடியாது." மாவை மேசையில் அறைந்தான். "என்கிட்ட சொன்னா போதாது. கழகத்துல, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சொன்னாள். பீர்க்கடை அறையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ரோரிக்கின் மனைவி, "செத்தவன் மேல பழி போடுறியா?" என்று எழுந்து போனாள், அப்புறம் ஹெட்விக்கோடு பேசவே இல்லை. கிளைடருக்கு எழுத ஃபுல்டா நகரத்திலிருந்து வேறு ஆள் வந்தான். அவளைக் கழகம் விலக்கவில்லை. தானாகவே அந்தச் சரிவுப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

கெரோல்ட் அடுத்த கோடையில் மறுபடி பறந்தான், மடங்காத காலை நீட்ட இடம் வெட்டிய இருக்கையில். மலைமேல் கிளைடரின் நிழல் ஓடும்போதெல்லாம் ஹெட்விக் தலையைக் குனிந்துகொள்வாள். அவன் கடையில்தான் இப்போது ரொட்டி வாங்கினாள். கொடுப்பான், பேசமாட்டான்.

நெடுங்காலம் அப்படியே போனது. ஒரு சனிக்கிழமை, ரொட்டியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்: "நேத்து உங்க வீட்டுக்கு மேலதான் ரொம்ப நேரம் சுத்தினேன். பாத்தீங்களா?"

"இல்ல, கெரோல்ட்."

"நிமிந்து பாத்திருக்கலாம்," என்றான்.