சவுரியில் வந்த பாதரசம்

அம்மா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு விரால் நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அப்பா, ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்த கையோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். வாரத்தில் நாலு நாள் விரால் குழம்பு. எட்டு வயதான எனக்குத் தலையும் வாலும்தான் கிடைக்கும். நடுத்துண்டெல்லாம் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு.

அந்தச் சமயத்தில் தண்டலம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஏரி மீனில் பாதரசம் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். நிலக்கரி எரித்த புகையோடு மேலே போவது மழையோடு ஏரிக்கு வருகிறதாம். சேற்றில் விஷமாக மாறி, சின்ன மீனுக்குள் போய், அதைத் தின்கிற விராலுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறதாம். மீன் தின்றவர்களின் தலைமுடியைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார். அம்மா தன் முடியைத் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

மறுவாரம் அக்கா கவரோடு வந்தபோது அம்மா மயக்கமாக இருக்கிறது என்று உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பாவின் அக்கா, என் அத்தை, நின்றிருந்தாள்.

“முழுகாம கீற பொண்ணு தலையில கத்திரிக்கோல் வெக்கிறதா? இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணுதானே?”

குழந்தையின் நல்லதுக்குத்தான் என்று கல்லூரி அக்கா கெஞ்சினார். அத்தை திடீரென்று இறங்கி வந்து, “சரி, கவர குடு, நானே வெட்டிக்கினு வரேன்” என்று உள்ளே போனாள். கொண்டைக்கு வைத்துக் கட்டக் கடையில் வாங்கியிருந்த தன் சவுரியிலிருந்து ஒரு கொத்தை நறுக்கிக் கவரில் போட்டாள். பார்த்துவிட்ட என்னிடம், “வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்” என்றாள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தீங்கு வராமல் காத்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அக்கா காகிதத்தோடு வந்தார். அம்மாவின் முடியில் பாதரசம் அளவுக்கு மேல் இருக்கிறது, குழந்தையின் மூளைக்கு ஆகாது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் தூங்கும்போது முடி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தூண்டிலை முழங்காலில் வைத்து ஒடித்தார்.

“என் கையாலயே புள்ளைக்கு வெசம் குடுத்துட்டேனே” என்று அழுதார்.

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. தோல் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். “அது அம்மா முடி இல்லப்பா. அத்தையோட சவுரி.”

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா மட்டும் எழுந்துபோய்க் கத்திரிக்கோலை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள்.

அடுத்த முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் சாம்பார்தான். கடைசியில், பாதரசம் கொஞ்சம் இருக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை, விராலை விட்டுவிட்டுச் சின்ன மீனாக அளவோடு சாப்பிடுங்கள் என்றார் அக்கா. அப்பாடா என்றிருந்தது. அப்பா அத்தையைத் திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் மறந்து, சுங்குவார்சத்திரம் போய் ஜிலேபி வாங்கிவந்தார். சவுரிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லி அம்மா கண்ணில் நீர்வரச் சிரித்தாள். தம்பி நல்லபடியாகப் பிறந்தான். இப்போது என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறான்.

ஜிலேபி வாங்கிவந்த அன்றைக்கு அக்கா மட்டும் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். அந்தச் சவுரியை எங்கே வாங்கினீர்கள் என்று அத்தையிடம் கேட்டார்.

“காஞ்சிபுரத்துல. எவ தலைமுடியோ, எனக்கு இன்னா தெரியும்?”

“பாதரசம் ஏறியிருக்குன்னு அந்தப் பொம்பளைக்கு யாருங்க சொல்றது?” என்றார் அக்கா.

எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. அதுதான் அம்மாவுடையது இல்லை என்று ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது ஜிலேபிக்குக் கையை நீட்டினேன்.