கருப்பசாமி விளக்குக்கு வந்த பில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். குலசாமி விஷயம். கூடவே பங்காளிகள் விஷயம். சாமி மன்னித்துவிடும்... பங்காளிகள்? அவர்களும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்களே!

போன வாரம் பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டில் முருகேசன். எங்கள் பங்காளி, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

“மதினி, அந்த வெளக்கு வெளையாட்டு இன்னும் இருக்கா? பொண்ணுக்குப் பரீட்சை வருது. ஒண்ணு ஏத்திவிடுவோம்னு பாத்தேன்.”

எனக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனியும் எழுதாவிட்டால் சாமிகுத்தம்.

என் மருமகள் காவியா ஆன்லைனில் கேம் செய்து போடுகிறவள். விளையாடுகிறவள் இல்லை, செய்கிறவள்! நம் ஊர் ரோட்டில் டவுன் பஸ் ஓட்டுகிற மாதிரி ஒரு கேம். அதை யார் யாரோ விளையாட, இவளுக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம் வரும். முதலில் வந்த பணத்தில் எனக்கு ஒரு கிரைண்டர் வாங்கித் தந்தாள். அதிலிருந்து நான் கேம் பார்ட்டிகளைத் திட்டுவதில்லை.

எங்கள் கருப்பசாமி இருப்பது நரிக்குடிப் பக்கம், ஒரு கண்மாய்க்கரையில். சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்தாக வேண்டும். ஆனால் பாதிப் பேர் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். லீவு கிடைக்காது. பாவப்பட்டு காவியா அந்தக் கோயிலை அப்படியே கேமில் கட்டினாள். கரை, வேப்பமரம், அருவாள், மண் குதிரை எல்லாம் உண்டு. போனைத் திறந்து ஒரு விளக்கு ஏற்றலாம். வேண்டுதலை வாயால் சொன்னால் அந்த விளக்கோடு பதிவாகிவிடும்.

முதலில் விளக்கு ஒரு நாள் எரிந்து, தானாக அமர்வது மாதிரிதான் வைத்திருந்தாள். மறுநாள் காலை முருகேசன் போன்.

“ஏத்தா, என்னத்தா பண்ணி வச்சிருக்க? என் வெளக்கு அமந்துபோச்சு! பொண்டாட்டி அழுதுக்கிட்டு இருக்கா!”

அவன் மட்டுமா? வரிசையாகப் போன். சாமிக்கு ஏற்றிய விளக்கு அமர்ந்தால் நம் ஜனம் தாங்குமா? காவியா பயந்துபோய், எந்த விளக்கும் அமராதபடி மாற்றிவிட்டாள்.

அங்கேதான் பிடித்தது சனி.

அமராத விளக்கு, எண்ணெய்ச் செலவும் இல்லை. விடுவார்களா? போர் போட்டால் ஒரு விளக்கு. லோனு கேட்டால் ஒரு விளக்கு. கிரிக்கெட் மேட்ச்சுக்கு ஒன்று. ஆடு தொலைந்ததற்கு ஒன்று, ஆடு கிடைத்ததற்கு இன்னொன்று! வேண்டுதலைச் சுருக்கமாகச் சொல்வார்களா? மூத்த பங்காளி வீரணன் தன் தம்பியோடு இருக்கும் வரப்புத் தகராறை ஆதியிலிருந்து சொல்லிப் பதிந்திருந்தார். இருமல் உட்பட.

ஒரு நாள் காவியா முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

“அத்தே, பில்லு வந்திருக்கு.”

“கரண்டு பில்லா?”

“கருப்பசாமிக்கு.”

எட்டாவதோடு நின்ற எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அவள் கேம் போடுகிற கம்பெனியின் தளத்தில் ஓர் அளவு வரை இடம் சும்மா. பஸ்ஸில் ஒரு கைப்பைக்குக் காசு கேட்பதில்லையே, அது மாதிரி. மூட்டை ஏற்றினால் லக்கேஜ் டிக்கெட். நம் பங்காளிகள் ஏற்றியிருப்பது லாரி லோடு! அந்தக் கூடுதல் கட்டணம் அவள் தலையில். கட்டாவிட்டால் அவள் கணக்கையே பூட்டிவிடுவார்கள். கோயில் மட்டுமில்லை, அதே கணக்கில் ஓடுகிற டவுன் பஸ்ஸும் போய்விடும். அவள் சொந்தக் கையால் சம்பாதிக்கிற ஒரே வழி அது.

“பழைய வெளக்க அழிச்சிட்டா தீந்துரும் அத்தே. பட்டனு என் கையிலதான் இருக்கு. ஆனா கை வர மாட்டேங்குது.”

எனக்கும் வரவில்லை. அடுத்தவர் வேண்டுதலாயிற்றே... அழி என்று எந்த வாயால் சொல்ல?

கோயிலில் பங்காளிக் கூட்டம் போட்டோம். திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி தலைக்கட்டு வரி போட்டுக் கட்டிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வீட்டுக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். வீரணன் எழுந்துவிட்டார்.

“ஏலே, சாமிக்கு வரி கேளு, தாரேன். எவனோ கம்பெனிக்காரனுக்கு நான் எதுக்குடா தரணும்?”

“அப்ப வெளக்க எடுத்துரவா மாமா?” கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. காவியா பேசிவிட்டாள்.

“எடுத்துத்தான் பாரேன்! சாமி கண்ணைக் குத்தும்!”

வரியும் கிடையாது, விளக்கையும் தொடக்கூடாது. நல்ல நியாயம்! கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் விளக்கு இருக்கட்டும், வரி கட்டுவோம். சிவப்பு வந்தால் எடுத்துவிடலாம். இரண்டையும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார் பூசாரி. சின்னப் பிள்ளை ஒன்று குனிந்து எடுத்தது.

வெள்ளை.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீரணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நானும் கும்பிட்டேன். சாமி பேசிவிட்டது, இனி என்ன கவலை?

விடிந்தது. காவியா போன் அடிக்க ஆரம்பித்தது.

“ஏத்தா, என் வெளக்க மட்டும் எடுத்துரு. லோனு கெடச்சிருச்சு.”

“நம்மது ஒண்ணு இருக்குல்ல... ஆடு வந்திருச்சுல்ல, இனி எதுக்கு?”

வீரணனும் பேசினார். “வரப்புத் தகராறெல்லாம் தீந்துபோச்சுத்தா. தம்பின்னா விட்டுக்குடுக்கத்தான் வேணும்.”

சாமி இல்லை என்கிறவர்களை நான் கேட்கிறேன்... ஒரே காலையில் அத்தனை பேர் வேண்டுதலும் நிறைவேறியது எந்த ஊரிலாவது உண்டா? வரி என்ற ஒரு வார்த்தைதான். எங்கள் கருப்பசாமி சக்தியோ சக்தி!

சாயங்காலம் வாசலில் வந்து நின்றது பங்காளி வீட்டுப் பாண்டியம்மாள் அக்கா. புருஷன் இல்லை. ஒரே மகன், வேலைக்கென்று வெளியூர் போனவன், போனை எடுப்பதில்லை. முந்தி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டது, “வரி எம்புட்டுத்தா?”

“ஒங்களுக்கு வரி இல்லக்கா. ஒத்தப் பொம்பளைய தலைக்கட்டுல சேக்க மாட்டாக” என்றேன்.

“அப்ப எனக்கு வெளக்கும் இல்லையா?”

காவியாதான் போனை எடுத்துக் காட்டினாள். எல்லாம் போய், கண்மாய்க்கரை இருட்டில் ஒரே ஒரு விளக்கு. அவள் அதைத் தொட்டதும் அக்காவின் குரல் வந்தது.

“அவன் சாப்பிட்டானான்னு மட்டும் பாத்துக்க சாமி.”

அவ்வளவுதான் வேண்டுதல். இருந்ததிலேயே சின்னது.

“இது எரியட்டும் பெரியத்தே. இதுக்கு எடம் சும்மாதான்” என்றாள் காவியா.

மூன்று சிவராத்திரி கடந்தும் அது எரிகிறது. டவுன் பஸ்ஸும் ஓடுகிறது. முருகேசனிடம் பஸ்ஸில் சொல்லிவிட்டேன், கோயிலுக்கு நேரில் வந்து எண்ணெய் ஊற்று என்று.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அப்படியே நாலு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பினால் அதிர்ஷ்டம் வரும் என்றெல்லாம் சொல்லமாட்டேன். உங்கள் சரக்கைச் சேர்க்காமல், ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள். எந்த ஊரிலாவது பாண்டியம்மாள் மகன் கண்ணில் பட வேண்டும்.

பட்டுவிட்டதா தம்பி? உன் அம்மாவுக்கு ஒரு போன் போடு. இப்போதெல்லாம் எவ்வளவு நேரம் பேசினாலும் கூடுதல் கட்டணம் கிடையாது.