அடுக்கு என்று பெயர் வைத்த அத்தான்

மன்னார் பட்டினத்தில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறையில், அத்தான் வெள்ளைப் பலகையில் "அடுக்கு" என்று எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைத்த தகப்பனின் பூரிப்பு அவர் முகத்தில். பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது செய்யப்போகும் வேலையில்தான் நம்பிக்கை இல்லை. பொதுவாகவே நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. மழை வரும் என்று வானொலி சொன்னாலும் வெளியே போய் வானத்தைப் பார்த்த பிறகுதான் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். தலைமன்னாரில் கரைவலை வைத்திருக்கும் குடும்பம். கொழும்பில் மென்பொருள் வேலை பார்த்தவர், ஊருக்குத் திரும்பி, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதக்கூடிய சின்ன மொழி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவர் கட்டுவார், நான் உடைத்துப் பார்ப்பேன். அதுதான் எனக்குத் தந்த வேலை, என் குணத்துக்கு ஏற்றதும் அதுதான். பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பெயரின்கீழ் வைத்திருப்பதைப் பாடப்புத்தகம் அணி என்கிறது. அத்தான் வரிசை என்றே வைத்தார். அந்த வரிசையில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளை, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பெயர். சேர், நீக்கு, திருப்பு, வடி என்று நாட்கணக்கில் மல்லுக்கட்டினோம். வடி என்றால் வேண்டியதை மட்டும் புது வரிசையாக எடுத்துத் தரும்; பழையது அப்படியே கிடக்கும். அடுக்கு அப்படியல்ல. அகர ஒழுங்கில் அடுக்கித் தந்துவிட்டு, நாம் கொடுத்த மூல வரிசையையும் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடும்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. புதிதாக ஒன்றைத் தருவதுபோல முன்னால் நீட்டிவிட்டுப் பின்னால் பழையதில் கைவைக்கிற மனிதர்களை எனக்குத் தெரியும். மூலத்தைத் தொடாமல் அடுக்க வேண்டும், இல்லையென்றால் நகலடுக்கு என்று இன்னொரு கட்டளையாவது வேண்டும் என்று நின்றேன். பள்ளிக்கூடங்களில் இருக்கும் பழைய கணினிகள் நகல் எடுத்தே களைத்துவிடும் என்றார் அத்தான். விளக்கக் குறிப்பில் எழுதிவிட்டால் போதுமாம். குறிப்பை யார் வாசிப்பார்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பிறகு கரையில் இருந்த மீனவர் சங்கம், கரைவலை முறையைத் தொலைபேசிச் செய்தியாக அனுப்ப ஒரு நிரல் கேட்டது. எங்கள் கரையில் ஒரு நாளைக்கு, சொந்தமாக வலை வைத்திருக்கும் ஒரு சம்மாட்டிதான் நல்ல இடத்தில் வலை வளைக்கலாம். பருவத் தொடக்கத்தில் கோயிலில் சீட்டுப் போட்டு முறையைத் தீர்மானிப்பார்கள். அந்த முறைக்கு இலக்கம் கிடையாது. உங்களுக்கு எத்தனையாவது முறை என்று கேட்டால் யோசிப்பார்கள். யாருக்குப் பின்னால் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள். அத்தானும் அந்தக் கரைப் பிள்ளைதானே. பெயர்களை முறைப்படி வரிசையில் போட்டார். பக்கத்தில் ஓர் இலக்கம் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பருவம் தொடங்குவதற்கு முந்திய நாள் பின்னேரம் சங்கத் தலைவர், யாருடைய பெயரும் விடுபடவில்லையே என்று பார்க்க, அகர ஒழுங்கில் பெயர்களைக் காட்டச் சொன்னார். அத்தான் அடுக்கைக் கூப்பிட்டார். பெயர்கள் அழகாக வந்தன. முறை அதோடு போயிற்று. மறுநாள் காலை எல்லோருக்கும் போன செய்தியில், அன்றைய முறை அத்தானின் தமையனுக்கு என்று இருந்தது. அவருடைய பெயர்தான் அகரத்தில் முதலாவது.

உண்மையில் அன்றைய முறை ஒரு மாமிக்கு. புருஷன் விட்டுப்போன ஒரே வலையை வைத்து, அதை இழுக்கிற வீடுகளுக்கும் சேர்த்து உலை ஏற்றுகிறவர். அவர் கரையில் நின்று கத்தக் கத்தத் தமையன் வலையை வளைத்துவிட்டார். செத்தவீடு நடந்தால் முறையை அடுத்தவருக்கு விடுவது வழக்கம். மாமி வீட்டில் ஏதோ துக்கம், அதனால்தான் முறை தனக்கு வந்தது என்று தமையன் நினைத்தாராம். கண்முன்னே கத்துகிறவரைக் கண்ட பிறகும் எப்படி அப்படி நினைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அன்றைக்கென்று பாரை மீன் கூட்டம். வலையை இழுக்க ஆள் போதவில்லை.

கோயில் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். யாருக்குப் பின்னால் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லப் பழைய முறை திரும்பிவிட்டது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாமிக்கு அடுத்த நாளைக் கொடுத்தார்கள். வலையில் சொறிமீனும் பாசியும்தான் வந்தன. தமையன் பாரையில் பங்கு கொண்டுபோனபோது மாமி படலையைத் திறக்கவில்லை. அத்தானோ முற்றத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. 'பிழை நான் செய்த கட்டளையில்' என்று அவர் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். அங்கேதான் எனக்கும் உறுத்தத் தொடங்கியது. அடுக்கு மூலத்தை மாற்றும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவள் நான்.

கூட்டத்துக்கு மறுநாள், மருந்துக்கடைக்கு மேலே இருந்த எங்கள் கந்தோரில் நேரே கேட்டேன்.

"அத்தான், தெரிஞ்சுதான் செய்தனீங்களோ?"

அவர் கோபப்படவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறது உனக்குச் சுகமோ, மொக்கன் எண்டு நினைக்கிறது சுகமோ? கள்ளன் எண்டே நினைச்சுக்கொள்."

அந்தப் பதில் என்னைச் சுட்டது. கட்டளையைப் பிழையாகச் செய்தவன் என்ற பெயரைவிட, கரை முழுவதும் கள்ளன் என்று சொல்வதே மேல் என்று நினைக்கும் மனிதர் இருக்க முடியுமா? இருக்கலாம், வித்துவச் செருக்கு எதையும் செய்யும். அல்லது அப்படி என்னை நம்பவைக்கப் பார்த்தாரா? சில நாட்களில் என் சோதனை நிரல் ஒன்று உடைந்தது. பார்த்தால், அடுக்கு இப்போது மூலத்தைத் தொடுவதில்லை. என்னிடம் சொல்லாமலே மாற்றியிருந்தார். குற்றமுள்ளவனும் அதைத்தான் செய்வான், இல்லாதவனும் அதைத்தான் செய்வான். பிறகு அக்காவையும் கூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். தொலைபேசியில் பேசுகிறோம். பிள்ளைகளைப் பற்றி, குளிரைப் பற்றி.

இப்போது அந்த மொழியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பருவத்து முறையை ஏற்றிவிடச் சொல்லிச் சங்கம் கூப்பிட்டது. அங்கே போய் ஒவ்வொரு பெயரோடும் இலக்கம் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். மாமி உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஏதும் வேணுமோ மாமி என்று கேட்டேன்.

"உன்னில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைப் பிள்ளை. நீயும் அந்த வீட்டு ஆள்தானே, அதாலதான் நிக்கிறன்."

கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கமாட்டேன் என்றுவிட்டார். இருந்தால் திரை தெரியாதாம்.