ஆதம்பாவா ஐந்து தடவை விழுங்கிய பெயர்

கிண்ணியாத் துறையில் பாதை இழுத்த ஆதம்பாவாவுக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு ஆசைதான் இருந்தது. தனக்கு ஒரு மகள் பிறக்கவேண்டும். ஊரில் வேறு எவருக்கும் இல்லாத பெயரை அவளுக்கு வைக்கவேண்டும். துறையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவள் ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்க்கவேண்டும். இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்பவர்கள், ஆதம்பாவா என்ற பெயரோடு அந்த ஊரில் ஒரு கிழமை வாழ்ந்து பார்க்கட்டும்.

துறையடியை ஒட்டிய நாலு தெருவுக்குள் மட்டும் அப்போது ஏழு ஆதம்பாவா. நெட்டை ஆதம்பாவா, கொச்சிக்காய் ஆதம்பாவா, இரண்டு பெண்சாதி ஆதம்பாவா என்று ஆளுக்கொரு ஒட்டு. நம்முடைய ஆளுக்கு ஒட்டுகூடக் கிடைக்கவில்லை. அவர் 'மற்ற ஆதம்பாவா'. சின்ன வயதில் அவருடைய உம்மா சாப்பிடக் கூப்பிட்டால் மூன்று பேர் வந்து சட்டி முன்னால் உட்காருவார்கள். சுதந்திரம் கிடைத்த வருஷம் அவருக்குப் பாதையில் வேலை கிடைத்தது. கடிதம் போய்ச் சேர்ந்தது கொச்சிக்காய் ஆதம்பாவாவிடம். மனுப்போடாமலே அரசாங்கம் தன்னைத் தேடி வந்துவிட்டது என்ற பூரிப்பில் அந்த மனுஷன் மூன்று நாள் வேலை செய்தார். நாலாம் நாள் உள்ளங்கை கொப்பளித்த பிறகுதான், இது வேறு யாருக்கோ வந்த கடிதம் என்ற ஞானம் அவருக்குப் பிறந்தது.

பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை. ஆட்களையும் லொறியையும் ஏற்றி, குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்க்கும் தட்டையான பெரிய மிதவைக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு கரையில் கிண்ணியா, மறு கரையில் திருகோணமலைக்குப் போகும் ரோட்டு. நடுவில் ஊரார் ஆறு என்று சொல்லும் உப்புத் தண்ணீர், கம்பி, ஆதம்பாவா.

அந்தப் பெயர் அவருக்கு அகப்பட்டது ஒரு நோன்பு மாதத்துப் பகலில். காலையிலிருந்து வெயிலில் பாதை இழுத்துவிட்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடக்க, பள்ளிவாசல் தூணில் சாய்ந்திருந்தார். லெப்பை சுவர்க்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே நல்லவர்களுக்கு இஞ்சி கலந்த பானம் கொடுப்பார்களாம். அது ஓர் ஊற்றிலிருந்து வருமாம். அந்த ஊற்றின் பெயர் ஸல்ஸபீலாம். ஆதம்பாவா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு நனைந்தது போலிருந்தது. நோன்பு முறிந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் பயந்துபோனார்.

தொழுகை முடிந்ததும் லெப்பையை ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போய் விசாரித்தார். இலகுவாக வழுக்கிப் போகிற இனிய தண்ணீர் என்று கருத்துச் சொல்வார்கள், குர்ஆனில் ஒரே ஓர் இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது, பெண்பிள்ளைக்கு வைக்கத் தடை ஒன்றுமில்லை, ஆனால் இந்தப் பக்கத்தில் எவருக்கும் வைத்து நான் அறியவில்லை என்றார் லெப்பை. கடைசியாகச் சொன்னதுதான் ஆதம்பாவாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. இதை வேறு யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று லெப்பையின் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

அன்றிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கல்யாணம் முடித்த பிறகு பெண்சாதி பல்கீஸிடம்கூடப் பெயரைச் சொல்லவில்லை. கிணற்றடியில் அவள் வாய்தவறினால், விடிவதற்குள் ஊர் முழுக்க அதே பெயரில் பிள்ளை பிறந்துவிடும் என்ற பயம்.

"பத்து மாசம் சுமக்கிறது நான். பேர் மட்டும் உங்கட மடியிலயா?" என்று பல்கீஸ் மூன்று நாள் கதைக்காமல் இருந்தாள். ஆதம்பாவா மசியவில்லை.

ஆனால் மனுஷன் வாயை அடக்கினாரே தவிர முகத்தை அடக்கத் தெரியவில்லை. துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சாம்பல்தீவுக் கதிரவேலிடம் தினமும் இஞ்சி போட்ட தேத்தண்ணி வாங்கி, ஒவ்வொரு மிடறுக்கும் தனியாகச் சிரிப்பார். பெயருக்கும் இஞ்சிக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்பது மட்டும் ஊருக்கு விளங்கிவிட்டது. பாதைக்குக் காத்திருப்பவர்களுக்கு அதைக் கண்டுபிடிப்பதே பொழுதுபோக்காயிற்று. கதிரவேல் தனக்குத் தெரிந்த மசாலாச் சாமான் அத்தனையையும் பெண்ணின் பெயராக்கிச் சொல்லிப் பார்த்துத் தோற்றான்.

இதற்கிடையில் பிள்ளைகள் பிறக்கத்தான் செய்தார்கள். மருத்துவிச்சி றுக்கியா கதவைத் திறந்துகொண்டு வருவார். ஆதம்பாவா பிள்ளையைக் கையில் வாங்கி, வலக்காதில் தொழுகை அழைப்பான பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்லி, அந்தச் சூட்டோடு பெயரையும் காதில் ஓதிவிடத் தயாராக நிற்பார். "ஆம்புளப் புள்ளதான் தம்பி" என்பார் மருத்துவிச்சி. தொண்டைவரை வந்த ஸல்ஸபீலை ஆதம்பாவா விழுங்கிக்கொண்டு, வேறு ஏதாவது பெயரைச் சொல்வார். அப்படித்தான் மூத்தவன் முனாப் ஆனான், அடுத்தவன் சரீப் ஆனான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு முடிவதற்குள் ஐந்து தடவை விழுங்கியாயிற்று. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணம் நடக்கிற ஊரில், வரிசையாக ஐந்து ஆண்பிள்ளை பெற்ற மனுஷன் இப்படி முகம் வாடித் திரிவதைப் பார்த்து, நாலு மகள் பெற்ற நெட்டை ஆதம்பாவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருஷம் மாரி தொடங்கிய ஒரு காலையில் அந்தச் சங்கதி நடந்தது. றஹ்மா என்ற பெண்ணுக்கு வலி கண்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்காக முதல் பாதையில் ஏற்றினார்கள். கூட அவளுடைய உம்மாவும் மருத்துவிச்சி றுக்கியாவும். புருஷன் துறைமுகத்தில் வேலையில் நின்றான். பாதை நடு ஆற்றை எட்டவில்லை, பிள்ளைக்கு அவசரம் பிடித்துவிட்டது. பெண்கள் சீலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். லொறிச் சாரதி லொறிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு வீறிட்ட அழுகை கேட்டது.

பாங்கு சொல்ல முஸ்லிம் ஆண் ஒருத்தர் வேண்டும். பாதையில் இருந்த ஆண்கள் மூன்று பேர். லொறிச் சாரதி சிங்களவன். கூடக் கம்பி இழுத்த கோணாமலை சைவன். மிச்சம் ஆதம்பாவாதான். அவர் குனிந்து ஆற்றுத் தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுளு எடுத்துக்கொண்டு, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நின்றார். நீரோட்டம் பாதையைத் திருப்பியது. அவர் திரும்பி நின்றார். பாதை மறுபடியும் திரும்பியது.

"நான் ஆடாமப் பிடிச்சிருக்கிறன் காக்கா, நீங்கள் ஓதுங்கோ" என்று கோணாமலை கம்பியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினான்.

ஆதம்பாவா ஓதினார். வலக்காதில் பாங்கு. இடக்காதில் இகாமத். ஐந்து தடவையும் இந்த இடத்தில்தான் அந்தப் பெயர் தொண்டைவரை வந்து திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவை கையில் இருந்தது பெண்பிள்ளை. அது யார் வீட்டுப் பிள்ளை என்று நாக்குக்குத் தெரியுமா? பத்து வருஷம் காத்துக் கிடந்த பெயர், தன்னுடைய குணத்துக்கு ஏற்றபடி, வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"ஸல்ஸபீல்" என்றார் ஆதம்பாவா, பிள்ளையின் காதுக்குள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன செய்ய? பெண்கள் கேட்டுவிட்டார்கள். என்ன கருத்து என்று றஹ்மா மறைப்புக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அவர் சொன்னார், பொய் சொல்லவும் ஏலாதே. தண்ணீரில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரின் பெயர், அதுவும் சுவர்க்கத்துத் தண்ணீரின் பெயர் என்றதும் அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். தவறி வந்துவிட்டது, திருப்பித் தாருங்கள் என்று சொல்ல ஆதம்பாவாவுக்கு வாய் வரவில்லை. கரை சேர்ந்ததும் கதிரவேலின் கடைக்குப் போய், இஞ்சி போடாத தேத்தண்ணி கேட்டார். கதிரவேல் கையில் எடுத்த இஞ்சியைத் திரும்ப வைத்துவிட்டு ஊற்றிக் கொடுத்தான்.

பெயர் கரையேறிவிட்டது, இனி யார் பிடிப்பது? பாதையில் பிறந்த ஸல்ஸபீலை ஏழாம் நாள் ஊரே வந்து பார்த்தது. மூன்றாம் மாதம் நெட்டை ஆதம்பாவா தன் ஐந்தாவது மகளுக்கு அதையே வைத்தார். அதற்குப் பிறகு கட்டுக்கடங்கவில்லை. மூதூருக்குப் போயிற்று, தம்பலகாமத்துக்குப் போயிற்று, யாரோ ஒரு மனுஷி தன் வெள்ளாட்டுக்குக்கூட வைத்துவிட்டு லெப்பையிடம் ஏச்சு வாங்கினாள். துறையடியில் மட்டும் மூன்று வருஷத்தில் பதினொரு ஸல்ஸபீல்.

அப்போது பார்த்துத்தான் பல்கீஸுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

மருத்துவிச்சி கண் கலங்கிக்கொண்டு பிள்ளையை நீட்டினார். ஆதம்பாவா பாங்கு சொன்னார், இகாமத் சொன்னார், பிறகு நின்றார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தொண்டை வெறுமையாக இருந்தது. அப்போது உள்ளேயிருந்து பல்கீஸின் குரல் வந்தது.

"ஆறு புள்ளைக்கும் கை தந்த மனுஷி முன்னால நிக்கிறா. அவட பேர வையுங்க."

பெற்ற பிள்ளை இல்லாத மருத்துவிச்சி அதைக் கேட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல எந்த மனுஷனால் ஏலும்? றுக்கியா என்று காதில் சொன்னார். நல்ல பெயர்தான். ஆனால் ஆதம்பாவாவின் சின்ன வயதில் வீட்டுக்கு வீடு ஒரு றுக்கியா இருந்தாள்; பெண்களில் அதுதான் ஆதம்பாவா. எந்தக் குழியில் மகள் விழக்கூடாது என்று பத்து வருஷம் பாடுபட்டாரோ, அதே குழிக்குள் தன் வாயாலேயே தள்ளிவிட்டதாக நினைத்து மனதுக்குள் குமைந்தார். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். எட்டு வருஷமும் மகள், மகள் என்றே காலம் போயிற்று.

எழுபதாம் ஆண்டு, பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைக் கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொறுப்பு உப்புவெளி ஞானசேகரம் வாத்தியாருக்கு. பின்னேரம் திரும்பி வந்து துறையில் பாதை ஏறும்போது அவர் பெயர் கூப்பிடும் இடாப்பை விரித்தார்.

"ஸல்ஸபீல்" என்றார்.

"ஓம் சேர்" என்று பதினொரு குரல் ஒன்றாகக் கேட்டது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்று காலையிலிருந்து இது ஏழாவது தடவை என்று கோணாமலையிடம் முறையிட்டார். ஸல்ஸபீல்கள் தள்ளுப்பட்டுச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள்.

பாதை புறப்பட வேண்டும். ஆதம்பாவா பார்த்தார், தன் மகள் ஏறவில்லை. தூரத்தில் கரையோரம் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் என்று கூப்பிட்டார். அவள் அசையவில்லை. கரையில் நின்ற யாரோ நாலு பேரின் மகள்மார் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"றுக்கியா."

பாதை நிறைந்த பிள்ளைகள், கரை நிறைந்த சனம். ஒரே ஒரு தலை திரும்பியது. பழைய றுக்கியாமாரெல்லாம் எப்போதோ யாரோ ஒருவரின் உம்மா என்று பெயர் மாறிவிட்டிருந்தார்கள், பின்னால் பிறந்ததெல்லாம் ஸல்ஸபீல்.

மகள் மடி நிறையச் சிப்பியோடு ஓடி வந்தாள். ஆதம்பாவா அவளைத் தூக்கிப் பாதையில் ஏற்றினார்.

"நல்ல அபூர்வமான பேர் காக்கா. பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினாலும் இன்னொண்டு இல்லை. எங்க பிடிச்சனீங்கள்?" என்றார் வாத்தியார்.

ஆதம்பாவா சந்தோஷம் தலைக்கேறி, கோணாமலை எதிர்ப்பக்கம் இழுக்கிறானா தன்பக்கம் இழுக்கிறானா என்றுகூடத் தெரியாமல் இழுத்தார். நடு ஆற்றில், பக்கத்தில் நின்ற பிள்ளையை மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்ன வாப்பா?"

"ஒண்டுமில்ல. நீ மட்டும் திரும்புறியா எண்டு பாத்தனான்."