விதைப்புக்கு முன் ஒரு தடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடக்கும் வழியில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல் பேருந்தில் ஏறி, புதுச்சத்திரத்துக்குச் சற்று முன்னால் இறங்கினால் நெடுஞ்சாலையை விட்டு ஒரு மண் சாலை பிரியும். கோழிப்பண்ணையின் நெடியைத் தாண்டியதும் ஏரிக்கரை. கரைமேல் நடந்து மதகருகே இறங்கி, பாறைக் கரட்டின் அடிவாரத்தில் காப்புக்காட்டு ஓரமாகப் போக வேண்டும். காடு முடியும் இடத்தில் ஒரு வீடு. வீட்டுக்கு முன்னால் மானாவாரி நிலம். நிலத்தின் குறுக்கே ஓர் ஒற்றையடித் தடம். அதில் வந்தால் மறுபடி அதே மண் சாலை.

என்னுடன் நடப்பவர் சூரமங்கலத்தில் எனக்கு அடுத்த தெருக்காரர். நாற்பது வயது தாண்டும் வரை வடநாட்டுக்கு லாரி ஓட்டினார். பிறகு சொந்தமாக வண்டி வாங்கி, ஆட்களை வைத்து ஓட்டினார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதைப் போல அவருக்குப் பிடிக்காத காரியம் வேறில்லை. ஏரிக்கரையில் நான் நின்று நீர்க்காகங்களைப் பார்த்தால், அவர் தொலைவில் நெடுஞ்சாலையில் போகும் லாரியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"லோடு ஜாஸ்தி சார். மேடு ஏற மாட்டாமெ அழுவுது பாருங்க."

காப்புக்காடு என்றால் அடர்ந்த காடு அல்ல. ஊஞ்சையும் வெள்வேலும் தோள் உயரத்துக்கு நிற்கும். இடையிடையே ஆவாரை. மழைக்குப் பின் முதல் வாரத்தில் மண்ணிலிருந்து ஒரு வாடை வரும், ஊறவைத்த பயறு போல. செம்போத்தின் குரல் கேட்கும், பறவை தெரியாது. மயில் மட்டும் ஒளிந்துகொள்ளாமல் தடத்தைக் கடக்கும்.

காட்டின் முடிவில் இருக்கும் வீட்டில் ஒரு பெண்மணி தனியாக இருக்கிறார். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் போர்வெல் ரிக்கில் வேலை, மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ. பொங்கலுக்கும் ஊர் நோம்பித் திருவிழாவுக்கும் வருவார். அம்மணிக்கு இரண்டு மாடுகள். காலையில் பாலைக் கறந்து, நிலத்தின் குறுக்கே அந்தத் தடத்தில் நடந்து, சாலையில் வரும் பால் வண்டிக்கு ஊற்றுகிறார். எங்களுக்கு மோர் தருவார். லாரிக்காரர் இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டும்போது, "டாக்டரு மோருக்கும் நடக்கச் சொன்னாருங்களா?" என்பார்.

வீட்டுக்கு வேறு வழி உண்டு. ஏரியைச் சுற்றி, மதகுக்குக் கீழே இறங்கி வரும் வழி. நாங்கள் வருவதும் அதுதான். மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் மதகுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அப்போது நாங்களும் சாலையிலிருந்து தடத்தில் வந்து தடத்திலேயே திரும்புவோம்.

தடம் போகும் நிலம் இன்னொருவருடையது. ஒவ்வொரு வருடமும் மழை பெய்ததும் அவர் நிலம் முழுவதையும் உழுதுவிடுவார். தடமும் சேர்ந்து புரண்டுபோகும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உழவுக்கும் விதைப்புக்கும் நடுவில் நடக்கிறவர்கள் நடந்து, புழுதியில் புதிதாகக் கோடு போட்டுவிட வேண்டும். விதைக்கும் டிராக்டர் அந்தக் கோட்டின் மேல் வரும்போது கலப்பையைத் தூக்கிக்கொள்ளும். கோடு இல்லாவிட்டால் தூக்காது. விதை விழுந்த மண்ணில் பிறகு ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். ஒரு விதைப்புப் பட்டம் நடக்காமல் போன தடம் மறு பட்டத்தில் இருந்ததாக யாரும் பேசுவதில்லை. இது எங்கும் எழுதி வைத்ததல்ல. ஆனால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காட்டைவிட்டு வெளியே வந்தபோது அம்மணி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. பால் கறக்கும்போது மாடு மிதித்துவிட்டதாம். உறவுக்காரர் ஒருவர் விடிவதற்கு முன்பே மொபெட்டில் ஏரி வழியாக வந்து கறந்து, பாலை எடுத்துப் போகிறார்.

"மோரு இல்லீங்க இன்னைக்கு," என்றார். பிறகு கையை நீட்டி, "அங்கெ பாருங்க" என்றார்.

நிலம் முழுவதும் ஒரே நிறத்தில் கிடந்தது. முந்தின நாள் பொழுது சாய ரோட்டவேட்டர் ஓட்டியிருக்கிறார்கள். பழைய கலப்பை உழுதால் கட்டிகளுக்கு நடுவில் இறுகிய தடத்தின் சாயல் கொஞ்சம் தெரியும். இந்த இயந்திரம் சலித்த மாவைப் போல ஆக்கியிருந்தது. நிலத்தின் மறுகோடியில், சாலையோரம், விதைப்பு டிராக்டர் நின்றது. பக்கத்தில் நிலத்துக்காரரும் டிரைவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீ குடிச்சதும் டிராக்டரை உட்டுருவாங்க," என்றார் அம்மணி. "ஏரி இன்னும் ஒரு மழைக்கு ரொம்பிரும். அப்பறம் மொபெட்டு வராது. தடமும் போச்சுன்னா மாட்டை வித்துப்போட்டு மில்லு வேலைக்கு பஸ் ஏறோணும். வேற என்ன பண்ணறதுங்க?"

நான் கேட்டேன், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அவர் விட்டுவிட மாட்டாரா என்று.

"உடுவாருங்க. நல்ல மனுசன்தான். ஆனா கேட்டு வாங்குனா அது அவரு குடுத்த தடம். நாளைக்கு அவரு மகன் வந்து குடுக்கலைன்னா? நடந்து போட்டாத்தான் அது தடம்."

லாரிக்காரர் செருப்பைக் கழற்றப் போனார்.

"செருப்போடயே போங்கண்ணா, அப்பத்தான் அழுந்தும்," என்றார் அம்மணி. "நேரா அந்தப் பனையைப் பாத்துப் போங்க. ரெட்டைப் பனை இல்லீங்க, மொட்டைப் பனை. உங்க ஒடம்புக்கு ஒருக்கா நடந்தாலே பத்துப் பேரு நடந்த மாதிரி."

"டாக்டரு கொறைக்கச் சொன்ன எடை, இன்னைக்கு வேலைக்கு ஆவுது," என்று அவர் இறங்கினார்.

நான் அவர் அடிச்சுவட்டிலேயே பின்னால் நடந்தேன். புழுதி கணுக்கால் வரை ஏறியது. இளகிய மண்ணில் கால் பதிந்து எடுப்பது எளிதாக இல்லை. எங்கள் வழியில் சிரமமான பகுதி என்று ஒன்று இருந்தால், அன்றைய நிலம்தான். மொட்டைப் பனையின் அடியில் சாலையில் ஏறியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நிலத்துக்காரர் எழுந்து நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, எங்களைவிடச் சற்றே மூத்தவர்.

"நடந்துட்டீங்களா," என்றார். குரலில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

"நடக்கலைன்னா?" என்றேன்.

"வெதச்சிருப்பேன்ங்க. அதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? அம்மிணி காலு ஒடைஞ்சு கெடக்குதுன்னும் தெரியும். நானாப் போயி என் வெள்ளாமைக் காட்டுல தடம் போட முடியுங்களா?"

டிரைவர் கோட்டைப் பார்த்துவிட்டு, இது போதாது, டிராக்டர் மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது என்றார். லாரிக்காரர் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க இருங்க சார். நான் இன்னொருக்கா போயிட்டு வாரேன்."

நானும் நிலத்துக்காரரும் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நேராகத்தான் நடந்தார். ஆனால் போட்ட கோட்டின் மேல் அல்ல. அதற்கு இடப்பக்கம், ஓர் ஆள் கிடந்தால் கொள்ளும் இடைவெளி விட்டு.

"ஏனுங்க, அவரு எங்கெ போறாரு?" என்றார் நிலத்துக்காரர்.

நான் கையை வாய்க்குக் குவித்துக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, உற்சாகப்படுத்துவதாக நினைத்துக் கையை ஆட்டிவிட்டு, இன்னும் அழுத்தி நடந்தார். எதிர்ப்பக்கம் கட்டிலிலிருந்து அம்மணியும் ஏதோ கத்தினார். அதற்கும் கையை ஆட்டினார். வீட்டை அடைந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது முதல் கோட்டின் மேல் வந்தார். இரண்டு கோடுகளில் அப்போதும் அதுதான் அவருக்கு இடப்பக்கம்.

அவர் சாலையில் ஏறியதும் நிலத்துக்காரர் கேட்டார்: "இது என்னங்க, பைபாஸுங்களா?"

லாரிக்காரர் திரும்பி நிலத்தைப் பார்த்தார். இரண்டு கோடுகள், பிசகில்லாமல் இணையாக, பனையிலிருந்து வீட்டு வாசல் வரை. அவர் முகம் மெதுவாக மாறியது.

"போறப்ப ஒரு பக்கம், வாரப்ப ஒரு பக்கம். எதுக்க ஆளு வந்தா மோதக் கூடாதில்லீங்க," என்றார்.

"பொட்டக் காட்டுல எவன் வாரான் எதுக்க?"

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு டிராக்டர் மறுபக்கம் போனார். ரோட்டவேட்டரை மறுபடி கொண்டுவந்து ஒரு கோட்டை அழித்துவிடலாம் என்றேன். நிலத்துக்காரர் மறுத்துத் தலையாட்டினார்.

"காலு பட்டது பட்டதுதானுங்க. ஒண்ணை அழிச்சா, நாளைக்கு எதை வேணும்னாலும் அழிக்கலாம்னு ஆயிரும்." டிரைவரைப் பார்த்து, "ரெண்டு எடத்துலயும் தூக்கிக்க" என்றார்.

டிராக்டர் நிலத்தில் இறங்கியது. முதல் கோட்டில் கலப்பை எழுந்து இறங்கியது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு குறுகிய பட்டைதான் இருந்தது. அதிலும் நிலக்கடலை விழுந்தது. இரண்டாவது கோட்டில் மறுபடி எழுந்தது. தொலைவில் கட்டிலில் அம்மணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எங்களுக்குத் தெரிந்தது. லாரிக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார்.

ஏரி அந்த மாதமே நிறைந்தது. மதகு வழி மூடிப்போனது. உறவுக்காரர் மொபெட்டைச் சாலையில் நிறுத்திவிட்டுத் தடத்தில் நடந்து வந்து பாலை எடுத்துப் போனார். கடலை முளைத்து, இலை விரிந்து, பூ வந்தபோது இரு கோடுகளும் பச்சைக்கு நடுவில் தெளிவாகத் தெரிந்தன. நடுப்பட்டை மட்டும் சவலையாக நின்றது.

கட்டுப் பிரித்த பிறகு அம்மணி கால் சற்று இழுத்து நடக்கிறார். பால் கேனுடன் ஒரு தடத்தில் போய், வெறும் கேனுடன் மற்றதில் வருகிறார். கேட்டால், ரூல்ஸ் என்கிறார். மாடுகள் ரூல்ஸ் பார்க்கவில்லை. சாலையோரம் மேய்ந்து திரும்பும்போது நடுப்பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தன. கடலை பறிக்கும் சமயத்தில் இரண்டு தடமும் ஒன்றாகி, மொபெட் போகும் அகலத்துக்கு ஆகியிருந்தது. இப்போது உறவுக்காரர் வாசல் வரை வண்டியிலேயே வருகிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்காரர் அந்தப் புதிய அகலத்தின் நடுவே நின்று, இரு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"அடுத்த உழவுக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க. வேண்டாங்கலை. ஆனா முன்னால நீங்க நடங்க. அவரு உங்க பொறத்தாலயே வரட்டும்."